அம்மா அப்பாவை அமைதியான இங்கிலீஷ் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறது எப்படி? (கார் இல்லாதவங்களுக்கும் சேத்துதான்)

கேள்வி: நாங்க லண்டன்ல ஹாரோ பகுதில இருக்கோம். மே மாசம் மதுரைலேருந்து அப்பா (71), அம்மா (66) வர்றாங்க. லண்டன் எல்லாம் போன தடவையே சுத்திக் காட்டியாச்சு. இந்தத் தடவை கூட்டம் இல்லாத, சத்தம் இல்லாத ஒரு காட்டுக்குப் போகணும்னு அப்பாவுக்கு ஆசை, காட்டுத் தரைல நீலமா பூக்கற ப்ளூபெல் பூவும் பாக்கணுமாம். எங்ககிட்ட கார் இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி வேற. எந்தக் காடு நல்லது, பர்மிஷன் வாங்கணுமா, பாம்பு கீம்பு இருக்குமா, என்னெல்லாம் எடுத்துட்டுப் போகணும்?

பதில்: எல்லாரும் முதல்ல "எந்தக் காடு"ன்னுதான் கேக்கறாங்க. என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. லண்டனைச் சுத்தி இருக்கற எந்தக் காடா இருந்தாலும் சரி, மே மாச ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்குப் போனீங்கன்னா நாய், குழந்தை, சைக்கிள், போட்டோ எடுக்கறவங்கன்னு திருவிழா மாதிரிதான் இருக்கும். அதே காட்டுக்கு செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்குப் போங்க, ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பேரைப் பாத்தா பெரிசு. அப்புறம் வர்ற ஜனத்துல முக்காவாசி கார் பார்க்கையும் காபி கடையையும் விட்டு ரொம்ப தூரம் போறதே இல்ல, அதனால பதினஞ்சு நிமிஷம் உள்ள நடந்துட்டாலே சத்தம் குறைஞ்சிடும். கிழமையும் மணியும்தான் முக்கியம், காட்டோட பேர் அப்புறம்.

இதுல உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, யாரும் யோசிக்கறதில்ல. மே மாசத்துல இந்தியா நம்மள விட நாலரை மணி நேரம் முன்னாடி. அப்பா அம்மா வந்து இறங்கின முதல் நாலஞ்சு நாள் விடியக்காலை மூணு மணிக்கே முழிச்சுட்டு கிச்சன்ல டப்பாவை உருட்டிட்டு இருப்பாங்க, அதை ஏன் வீணாக்கணும்? மே மாசம் நடுவுல இங்க சூரியன் அஞ்சு மணி சுமாருக்கே வந்துடும், பறவைங்க அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிடும். ராபின், பிளாக்பேர்ட், ரென் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு போட்டி போட்டுக் கத்தற அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இங்க ஆளுங்க அலாரம் வச்சு எழுந்து போறாங்க. ஏப்ரல், மே ரெண்டு மாசம்தான் இது உச்சத்துல இருக்கும், ஜூலை ஆச்சுன்னா கூடு கட்டற வேலை எல்லாம் முடிஞ்சு பெரும்பாலான பறவைங்க வாயை மூடிக்கும். காலைல முடியலன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க, எட்டரை வரைக்கும் நல்ல வெளிச்சம் இருக்கும், குடும்பமா வந்தவங்க எல்லாம் கிளம்பிப் போயிருப்பாங்க.

ப்ளூபெல் விஷயத்துல ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், அப்பாவுக்கு ஏமாத்தமா போயிடக் கூடாது. மே மாசம்னு சொன்னீங்களே, மே எத்தனாம் தேதி? ஏன்னா இந்தப் பூ மரங்களோட ஓட்டப்பந்தயம் ஓடுது. வசந்தம் ஆரம்பிச்சு மேல இலை மூடறதுக்குள்ள கீழ தரைக்கு வெயில் கிடைக்கற அந்தச் சில வாரத்துலதான் அது இலை விட்டு, பூத்து, அடுத்த வருஷத்துக்கான சாப்பாட்டைக் கிழங்குல சேத்து வைக்கணும். மேல கூரை மூடினதும் கதை முடிஞ்சது. தெற்கு இங்கிலாந்துல ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும்தான் நல்ல நேரம்னு வச்சுக்கோங்க, வருஷத்தோட குளிரைப் பொறுத்து கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். மே இருபதுக்கு மேலதான் ஃப்ளைட்டுன்னா ப்ளூபெல்லை மறந்துடுங்க, வாடின தண்டைப் பாக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனா அந்த நேரத்துல பீச் மரத்தோட (beech, பழம் தர்ற பீச் இல்ல) புது இலை இருக்கு பாருங்க, வெயில் அதுக்குள்ள ஊடுருவி வர்றப்ப காடு முழுக்க ஒரு இளம்பச்சை வெளிச்சம், எனக்கு ப்ளூபெல்லை விட அதுதான் பிடிக்கும் (இதைச் சொன்னா இங்க பல பேர் சண்டைக்கு வருவாங்க).

இன்னொண்ணு. பூவுக்கு நடுவுல பட்டுப்புடவையோட போட்டோ எடுக்கறது நம்ம ஆளுங்க மட்டும் இல்ல, எல்லாரும் பண்றதுதான், ஆனா தயவு செஞ்சு பாதையிலேயே நின்னு எடுங்க. இலை ஒரு தடவை மிதிபட்டு நசுங்கினா அதுக்கப்புறம் அதால சாப்பாடு தயாரிக்க முடியாது, கிழங்கு இளைச்சுப் போயிடும், அந்த இடம் பழையபடி ஆக வருஷக்கணக்காகும். விதைலேருந்து பூக்கிற அளவுக்கு வளரவே அஞ்சு வருஷம் கிட்ட ஆகுது. உலகத்துல இருக்கற ப்ளூபெல்ல கிட்டத்தட்ட பாதி பிரிட்டன்லதான் இருக்குன்னு சொல்றாங்க. 1981 வனவிலங்குச் சட்டப்படி நிலத்துக்காரர் அனுமதி இல்லாம கிழங்கோட பிடுங்கறது குத்தம், அதனால அம்மா "ஒரே ஒரு செடி, பால்கனில வைக்கலாமே"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க.

சரி, எங்க போறது. உங்க வீட்டுக்கு விப்பெண்டெல் வுட்தான் என் முதல் சாய்ஸ். ஹாரோ ஆன் த ஹில்லேருந்து மெட்ரோபாலிட்டன் லைன்ல வாட்ஃபோர்ட் கடைசி ஸ்டேஷன், இருபது நிமிஷம் சொச்சம், ஆய்ஸ்டர் கார்டே (லண்டன் ரயில், பஸ்ஸுக்கான கார்டு) போதும். ஸ்டேஷன்லேருந்து கொஞ்ச தூரத்துல கேசியோபரி பார்க் வந்துடும், பார்க்கைக் குறுக்க கடந்து, கேட் (Gade) ஆத்தையும் கிராண்ட் யூனியன் கால்வாயையும் தாண்டி, கோல்ஃப் மைதானம் வழியா லேசா மேட்டுல ஏறினா காடு. அம்மாவோட வேகத்துக்கு முக்கால் மணி நேரம் வச்சுக்கோங்க, கால்வாய் லாக் (தண்ணி மட்டத்தை மாத்திப் படகை ஏத்தி இறக்கற கதவு) கிட்ட உக்காந்து படகு போறதைப் பாத்துட்டுப் போனா அதுவே பாதி பயணம். இது பழைய எசெக்ஸ் பிரபுவோட எஸ்டேட்டா இருந்த இடம், இப்ப வாட்ஃபோர்ட் கவுன்சில் கையில இருக்கு. உள்ள நீளமா ஒரு லைம் மரச்சாலை போகும் (எலுமிச்சை இல்ல, இது வேற மரம்). ப்ளூபெல்லுக்குப் பேர் போன காடு. ஊரை ஒட்டின காடுங்கறதால தூரத்துல வண்டிச் சத்தம் லேசா கேக்கலாம், அதை மறைக்க மாட்டேன். அதுக்குப் பதிலா பார்க்லயே டாய்லெட், காபி கடை எல்லாம் இருக்கு, அறுபத்தஞ்சு தாண்டினவங்களோட போறப்ப இதுதான் முதல் விஷயம், காட்டுக்குள்ள எங்கயும் டாய்லெட் கிடையாது. விடியக்காலைல பார்க் டாய்லெட்டும் மூடியிருக்கலாம், வீட்லயே முடிச்சுட்டுக் கிளம்புங்க.

நிஜமான கிராமப்புறம் வேணும், ஒரு நாள் முழுக்க செலவு பண்ண ரெடின்னா ஆஷ்ரிட்ஜ். ஹார்ட்ஃபோர்ட்ஷைர்ல நேஷனல் டிரஸ்ட்ங்கற தொண்டு அமைப்பு பாத்துக்கற இடம், சுமார் 5,000 ஏக்கர், காடும் புல்வெளியும் மாத்தி மாத்தி வரும், ஃபேலோ மான் கூட்டம் உண்டு. ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன்லேருந்து ட்ரிங் ரயில் இருக்கு. ட்ரிங் ஸ்டேஷன்லேருந்து ஆல்ட்பெரி கிராமம் வழியா நடந்தே போகலாம், குளமும் பழைய வீடுகளுமா அழகான ஊர், ஆனா அதுக்கப்புறம் பிரிட்ஜ்வாட்டர் நினைவுத்தூண் வரைக்கும் செங்குத்தான ஏத்தம். முட்டி வலிக்கு அது ஒத்தே வராது. பெர்க்கம்ஸ்டெட்ல இறங்கி டாக்சி பிடிச்சு நேரா தூண் கிட்ட இருக்கற விசிட்டர் சென்டருக்குப் போயிடுங்க, திரும்ப வர்றதுக்கும் அப்பவே பேசி வச்சுக்கோங்க, அங்க நின்னு டாக்சி தேடினா கிடைக்கறது கஷ்டம். இங்க எல்லாரும் சொல்ற இடம் டாக்கி வுட், பூ சீசன் வார இறுதில அதுக்கு மட்டும் காசு வாங்கறது வழக்கம், கூட்டமும் அங்கதான். நீங்க அந்தப் பக்கமே போகாம மத்த பக்கம் நடங்க.

யாராவது ஃப்ரெண்டு கார் குடுத்தா பர்னம் பீச்சஸ் (கடற்கரை இல்ல, பீச் மரக் காடு). முட்டி வலிக்காரங்களுக்கு இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியல, ஏன்னா உள்ள போற தார்ச்சாலைல பெரும்பகுதி இப்ப வண்டி போகாத பாதை. 1880லேருந்து சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் சொத்து. இங்க மரங்களைப் பாத்தா அப்பா அசந்துடுவார். அந்தக் காலத்துல விறகுக்காக ஆள் உயரத்துக்கு மேல வெட்டி விடுவாங்க, துளிர்க்கறதை ஆடு மாடு எட்டித் தின்னக் கூடாதுன்னு அந்த உயரம். திரும்பத் திரும்ப வெட்டினதால நூத்துக்கணக்கான வருஷம் வாழ்ந்து, உள்ள கூடு பாய்ஞ்சு, முண்டும் முடிச்சுமா ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு தினுசு. ட்ரூயிட்ஸ் ஓக்னு ஒரு மரம் 800 வருஷத்துக்கு மேலன்னு சொல்றாங்க. வேர் மேல ஏறி நிக்க வேண்டாம், வயசான மரத்துக்கு மண் இறுகறது ஆகாது.

பர்மிஷன். நம்ம ஊர்ல ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட், செக்போஸ்ட்னு பாத்துப் பழகினவங்க அப்பா, அதனால இந்த சந்தேகம் வர்றது நியாயம்தான். மேல சொன்ன மூணு காட்டுக்கும் நடந்து போறதுக்கு அனுமதியும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம் (அந்த டாக்கி வுட் சீசன் மட்டும் தவிர). ஆனா இங்கிலாந்துல எந்தக் காட்டுலயும் இஷ்டத்துக்கு நுழைஞ்சிடலாம்னு நினைச்சுடாதீங்க, அந்த உரிமை ஸ்காட்லாந்துல இருக்கு, இங்க கிடையாது. இங்க பல காடு தனியார் சொத்து, அதுக்குள்ள போற பப்ளிக் ஃபுட்பாத்துல மட்டும்தான் நடக்க உரிமை. கம்பத்துல மஞ்சள் அம்பு இருந்தா நடக்கறவங்களுக்கு, நீல அம்புன்னா குதிரையும் சைக்கிளும்கூட வரும், காதைத் தீட்டி வச்சுக்கோங்க. கூகுள் மேப்ஸ்ல இந்தப் பாதைங்க பாதி இருக்காது. ஆர்ட்னன்ஸ் சர்வேங்கற அரசு வரைபட நிறுவனத்தோட எக்ஸ்ப்ளோரர் மேப்ல பச்சைக் கோடு போட்டுக் காட்டியிருக்கும், ஆஷ்ரிட்ஜுக்கு 181ஆம் நம்பர், ஆப்லயும் கிடைக்கும், வீட்லயே டவுன்லோடு பண்ணிக்கோங்க, மரத்தடில சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

பாம்பு பயமே வேண்டாம். இங்க விஷப்பாம்பு ஆடர் ஒண்ணுதான், அதுவும் ஆள் சத்தம் கேட்டா ஓடிடும், இந்த நாட்டுல அது கடிச்சுக் கடைசியா ஒருத்தர் செத்தது 1975ல. புலி, கரடி, ஓநாய் எதுவும் கிடையாது. நிஜமாவே கவனிக்க வேண்டியது மாடு, போற வழில வயல்ல கன்னோட மாடு நின்னா சுத்திப் போங்க, நம்ம ஊர் மாடு மாதிரி நினைச்சு அம்மா தடவிக் குடுக்கப் போகக் கூடாது. நாய்ங்க கயிறு இல்லாம ஓடி வந்து மோப்பம் பிடிக்கும், பெரியவங்க பயந்துடுவாங்க, அப்ப ஓடாம நின்னு "டாக்கைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கோங்க ப்ளீஸ்"னு ஓனர்கிட்ட சொன்னா கூப்பிட்டுப்பாங்க, அதுல தப்பா நினைக்க ஒண்ணும் இல்ல. எதிர்ல வர்றவங்க "மார்னிங்"னு சொல்லுவாங்க, திருப்பி ஒரு மார்னிங் போதும். அப்புறம் காத்து பலமா அடிக்கற நாள்ல போகவே போகாதீங்க, 2012ல இங்க முதல்ல கண்டுபிடிச்ச ஒரு பூஞ்சை நோயால இங்க ஆஷ் மரங்க நிறைய பட்டுப்போய் நிக்குது, கிளை எப்ப விழும்னு சொல்ல முடியாது, பாதையை மூடி போர்டு வச்சிருந்தா மதிங்க.

எடுத்துட்டுப் போறதுக்குப் பெரிய லிஸ்ட் எல்லாம் வேண்டாம், செருப்பு போட்டுக்கிட்டு மட்டும் யாரும் வரக் கூடாது. இந்தப் பக்கத்து மண் களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்தது, மழை பெஞ்சு மூணு நாள் கழிச்சும் வழுக்கும், அம்மாவுக்கு நல்ல கிரிப் இருக்கற ஷூவும் ஒரு வாக்கிங் ஸ்டிக்கும் கண்டிப்பா வேணும். விடியக்காலைல பத்து டிகிரிக்குக் கீழகூட இருக்கும், மரத்தடில இன்னும் குளிரும், ஒரே பெரிய கோட்டை விட மூணு மெல்லிசா போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணா கழட்டறது நல்லது. உள்ள பெஞ்ச் கம்மி, மடக்கற ஸ்டூல் ஒண்ணு தூக்கிட்டுப் போங்க. ஃப்ளாஸ்க்ல காபி, டப்பால எலுமிச்சை சாதம், முடிஞ்சது. அடுப்பு, பார்பிக்யூ எதுவும் பத்த வைக்கக் கூடாது, ஆரஞ்சுத் தோல் உட்பட குப்பை எல்லாம் திரும்ப வீட்டுக்கு. காளான் எதையும் தொட்டுப் பறிக்க வேண்டாம், டெத் கேப்னு ஒண்ணு பாக்க சாதுவா இருக்கும், ஆளையே காலி பண்ணிடும்.

பாம்பைப் பத்திக் கேட்டவங்க யாரும் உண்ணியைப் பத்திக் கேக்கறதில்ல, ஆனா நான் உண்மையா கவலைப்படறது அதுக்குத்தான். எள்ளு சைஸ்ல இருக்கும், நீளமான புல்லுலயும் புதர்லயும் காத்திருந்து ஒட்டிக்கும், சிலதுல லைம்ங்கற நோயோட (Lyme, அந்த மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல) கிருமி இருக்கும். பேண்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகுங்க, பாதை நடுவுல நடங்க, வீட்டுக்கு வந்ததும் முட்டிப் பின்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்க, மச்சமோன்னு நினைச்சு விட்டுடாதீங்க. ஒட்டியிருந்தா டிக் ரிமூவர் இல்ல கூரான ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுங்க, எண்ணெய் விடறது, தீக்குச்சியால சுடறது எல்லாம் கூடாது, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்க. கடிச்ச எல்லாருக்கும் நோய் வராது. ஆனா பெரும்பாலும் ஒண்ணுலேருந்து நாலு வாரத்துக்குள்ள, சில சமயம் மூணு மாசம் வரைக்கும்கூட, கடிச்ச இடத்தைச் சுத்தி வட்டமா ஒரு தடிப்பு பரவலாம், நம்ம தோல் நிறத்துல அந்த சிவப்பு சரியா தெரியாது, அதனால லைட் போட்டுப் பாக்கணும். தடிப்பே இல்லாம ஜுரம், உடம்பு வலி, அசதின்னும் ஆரம்பிக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா ஆன்டிபயாடிக் மாத்திரைலயே சரியாயிடும். அப்பா அம்மா இங்க இருக்கறப்பவே வந்தா 111க்கு (NHS மருத்துவ ஆலோசனை நம்பர்) ஃபோன் பண்ணுங்க. அதுக்குள்ள மதுரைக்குத் திரும்பிப் போயிட்டாங்கன்னா அங்க டாக்டர் டெங்குவா, சிக்குன்குனியாவான்னுதான் முதல்ல பாப்பார், லைம் அவருக்கு உடனே தோணாது, அதனால "இங்கிலாந்துல காட்டுக்குள்ள நடந்தோம், இந்தத் தேதில உண்ணி கடிச்சது"ன்னு அவங்களே வாய் விட்டுச் சொல்லணும், கடிச்ச இடத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்து தேதியோட வச்சுக்கச் சொல்லுங்க.