மூக்கு இறங்கினால் வேகம் வந்துவிடுமா?

கேள்வி: கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்) ஓட்டப் பழகி வருகிறேன். போன வாரம் விஞ்ச் (தரையில் நின்று கேபிளைச் சுருட்டும் இயந்திரம்) இழுக்க மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, சுமார் 100 மீட்டர் உயரத்தில் ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் கேபிளைக் கழற்றிவிட்டார். உடனே மூக்கை இறக்கிக் கிளைடரைத் திருப்ப முயன்றேன். “கையை எடு!” என்று கத்திவிட்டு அவரே தரையிறக்கினார். மூக்கைத்தான் இறக்கிவிட்டேனே, என்ன தப்பு?

பதில்: கத்தியது நியாயம்தான். அதே கத்தலை நானும் வாங்கியவன். பிற்பாடு பின் சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களிடம் கத்தியவன்.

மூக்கு 40 பாகைக்கு மேல்நோக்கி இருக்கும்போது கேபிள் அறுந்தால், ஒவ்வொரு நொடியும் வேகத்தில் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் கரையும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தீர்கள் என்று வையுங்கள். திகைப்பில் ஒரு நொடி, மூக்கை இறக்க ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுத் தண்டை) முன்னால் தள்ள இன்னொரு நொடி. மூக்கு தொடுவானத்துக்குக் கீழே வரும்போது வேகமானியின் முள் 60-க்கும் கீழே நிற்கலாம். பல பயிற்சி கிளைடர்கள் நேராகப் பறக்கும்போதே ஸ்டால் ஆகிற, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற, வேகம் அது.

அப்படியானால் அந்த நேரத்தில் ஏன் விழவில்லை? ஸ்டிக்கைத் தள்ளும்போது இறக்கைமேல் சுமை குறைகிறது, அதனால் குறைந்த வேகத்திலும் சாதுவாகப் பறக்கிறது. இந்தச் சாதுத்தனத்தை நம்பித்தான் ஏமாறுகிறோம். திரும்பினால் இறக்கைமேல் சுமை ஏறும். ஒரு பக்கம் சட்டென்று சரிந்து ஸ்பின் ஆகும், அதாவது சுழன்றபடி விழும். 100 மீட்டரில் அதிலிருந்து மீள இடம் கிடையாது.

ஆகவே, இறங்கி வரும்போது மூக்கு எப்படி இருக்குமோ அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்துவிட்டுக் காத்திருங்கள். தரையிறங்கும் வேகத்தை முள் காட்டும்வரை திரும்பவும் கூடாது, ஏர் பிரேக்கை (இறக்கையில் எழும்பி கிளைடரைச் சீக்கிரம் இறக்கும் தகடுகளை) தொடவும் கூடாது. அந்த மூன்று நான்கு நொடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். அப்புறம் ரிலீஸ் குமிழை இரண்டு முறை இழுங்கள், அறுந்த துண்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். முன்னால் ஓடுபாதை போதுமானால் நேராக இறங்குங்கள். போதாவிட்டால் மட்டும் திரும்பலாம். எந்தப் பக்கம் என்பதைக் காற்றைப் பார்த்துத் தரையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். கேபிள் மாட்டும் முன் நான் அதை வாய்விட்டே சொல்லிக்கொள்வேன். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பத்து மீட்டரில் அறுந்தால் கதை வேறு. அங்கே வேகமாகத் தள்ளினால் மூக்கு தரையில் குத்தும். மெதுவாகச் சமப்படுத்தி நேரே இறங்குங்கள். கிளம்பியதுமே செங்குத்தாக ஏறாதே என்று சொல்வதும் இதற்காகத்தான்.

கேள்வி: மூக்கை இறக்கும்போது வயிறு மேலே எழும்புகிறதே, அது ஸ்டாலா?

பதில்: இல்லை, சுமை குறைந்ததால் வரும் உணர்வு. ஸ்டால் என்று பயந்து இன்னும் தள்ளினால் வயிறு இன்னும் எழும்பும், கிளைடர் தலைகுப்புறப் பாயும். மூக்கையும் முள்ளையும் பாருங்கள், வயிற்றைக் கேட்காதீர்கள்.

கேள்வி: கேபிள் அறுந்தால் சத்தம் கேட்குமா?

பதில்: பெரும்பாலும் ‘டப்’ என்று கேட்கும். எனக்கு அதைவிடப் பயம், விஞ்ச் மெல்ல மெல்லச் சக்தி இழப்பதுதான். சத்தமே இருக்காது, கேபிளும் மாட்டியபடியே இருக்கும். வேகம் மட்டும் 95, 90, 85 என்று இறங்கும். திரும்ப ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மூக்கை இறக்கிக் கேபிளைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் மேலே சொன்னபடிதான்.