மன்னிப்பும் அம்மாவின் சேமலாப நிதியும்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. அம்மா ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்து, ஓய்வு பெறும்போது கிடைத்த ஈ.பி.எஃப் (சேமலாப நிதி) காசை சித்தப்பா வாங்கிக்கொண்டு போனார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறேன், ஆறு மாசத்தில் தந்துவிடுகிறேன் என்றார். பிறகு எங்கள் லயத்துப் பக்கமே (தொழிலாளர் வரிசை வீடுகள்) வரவில்லை. அம்மா இன்றைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார்.

போன வருஷம் சித்தப்பா ஒரு சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தார். "கர்த்தர் என் பாவத்தையெல்லாம் மன்னித்துவிட்டார், பழசைக் கிளறாதே" என்கிறார். காசைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் மன்னிக்காவிட்டால் என் ஜெபம் கேட்கப்படாது என்று பாஸ்டரும் சொல்லிவிட்டார். அம்மாவோ "விட்டுத் தொலை" என்கிறார். என்னால் முடியவில்லை. பரமண்டல ஜெபத்தில் கடனாளிகளை மன்னிக்கிற அந்த வரி வந்தால் வாய் நின்றுவிடுகிறது. வருகிற மாசம் எங்கள் காம்பராவிலேயே (லயத்து அறை) ஜெபக்கூட்டம் வைத்து சித்தப்பா சாட்சி சொல்லப் போகிறாராம். சம்மதிக்கட்டுமா? என் ஜெபம் வீண்தானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

பாஸ்டர் சொன்னது வேதத்தில் இருப்பதுதான். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் பரமண்டல ஜெபம் முடிந்த கையோடு, இயேசு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து மறுபடியும் பேசுகிறார்: நீங்கள் மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்கமாட்டார். இதில் தண்ணீர் கலந்து உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே வேதத்தில் சித்தப்பாவுக்கும் வசனங்கள் இருக்கின்றன. அவற்றை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினார்களா?

முந்தின அதிகாரத்தையே எடுங்கள். பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகிறவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை இருப்பது ஞாபகம் வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. பாதி ஆராதனையில் எழுந்து போகச் சொல்வது யாரை? மனம் நொந்தவனை அல்ல, நோகடித்தவனை. மோசேயின் சட்டம் இன்னும் கறாரானது. எண்ணாகமம் 5-இல், குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவருக்கே கொடுக்க வேண்டும். லேவியராகமம் 6-இல் அபகரித்ததைத் திருப்பிக் கொடுப்பதும் பலி செலுத்துவதும் ஒரே நாள் வேலை.

இதெல்லாம் பழைய ஏற்பாடு, இப்போது கிருபையின் காலம் என்பார்கள். சரி, அப்போது புதிய ஏற்பாட்டில் வரி வசூலித்த சகேயுவைப் பார்ப்போம். அவன் காசு கொடுத்து இரட்சிப்பை வாங்கவில்லை. ஊரே முறுமுறுக்க, இயேசுதான் முதலில் அவன் வீட்டுக்கு வந்தார். வந்த விருந்தாளி உள்ளே இருக்கும்போதே சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அதற்குப் பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது. நான் மெதடிஸ்த வீட்டில் வளர்ந்தவன். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியாரிடம் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது என்று எங்கள் ஆட்கள் சிலர் கேலி பேசுவார்கள். அது தப்பு. பாவமன்னிப்புப் பெற்றாலும் செய்த கேட்டைச் சரிசெய்ய வேண்டும், திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியே சொல்கிறது.

அடுத்து அவர்கள் உங்களுக்கு எதிராக எடுக்கப்போவது மத்தேயு 18-ஆக இருக்கும். பதினாயிரம் தாலந்துக் கடன் மன்னிக்கப்பட்டவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்த கதை. பிரசங்கத்தில் அந்த நூறு வெள்ளிப்பணத்தைச் சில்லறைக் காசு மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது ஒரு தொழிலாளியின் நூறு நாள் கூலி. திராட்சத்தோட்டத்து வேலைக்காரருக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்று 20-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் கூலியை ஒரு 'பேர்' என்போம், அந்தக் கணக்கில் நூறு பேர். மாசம் இருபத்தைந்து பேர் விழுந்தாலும் நாலு மாசத்துச் செக்ரோல் (சம்பளப் பதிவு). கொழுந்தின் எடை குறைந்தது என்று அரைப்பேர் (அரை நாள் கூலி) போட்ட அனுபவம் உள்ள யாரும் அதைச் சின்னக் கடன் என்று சொல்லமாட்டார்கள். இயேசுவும் சொல்லவில்லை. தாலந்துக் கடனுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது சிறிது. ஒரு தாலந்தே ஏறத்தாழ ஆறாயிரம் நாள் கூலி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த உடன்வேலைக்காரன் காலில் விழுந்து, "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உனக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று கெஞ்சுகிறான். கடனை ஒப்புக்கொள்கிறான், தவணை கேட்கிறான். உங்கள் சித்தப்பா அந்த வாக்கியத்தையே இன்னும் சொல்லவில்லையே.

மலையகத்தில் இருந்துகொண்டு கடன் மன்னிப்பைப் பற்றி எழுதும்போது துண்டு, அதாவது தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு, ஞாபகம் வராமல் இருக்காது. துண்டில் எழுதிய கடனைத் தீர்க்காமல் ஒருவர் தோட்டம் மாற முடியாத காலம் இருந்தது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். தோட்டத்துரைமார் கொடுத்த பணத்தில் தமிழ்க் கூலி மிஷன் ஊழியம் தொடங்கியது 1854-இல். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று துரையும் ஜெபித்தார், தொழிலாளியும் ஜெபித்தார். துண்டு மட்டும் கிழிபடவில்லை. மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் எந்தப் பக்கம் பார்த்துச் செய்யப்படுகிறது என்று நான் எப்போதும் கவனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் ஜெபம். அது வீண் இல்லை. 109-ஆம் சங்கீதம் படித்திருக்கிறீர்களா? அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களாகட்டும், அவன் மனைவி விதவையாகட்டும் என்று எரிகிற ஜெபம் அது. உங்களுக்கு இருக்கும் கோபத்தைவிடப் பெரிய கோபம், வேதப்புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்காக அதிலேயே தங்கிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். சித்தப்பா மகனுக்கு அங்கே வேலை போனது என்று கேள்விப்பட்டால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருமானால், உங்களிடம் கேட்கப்படுவது அந்த இடம்தான். காசை மறப்பதும், அவரை மறுபடி நம்புவதும் வேறு விஷயங்கள். லூக்கா 17-இலும் "அவனைக் கடிந்துகொள்" என்பது முதலில் வருகிறது. அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்பது அதற்கு அடுத்தது.

அந்த வரி வாயில் வராத நாட்களில் சிலுவையில் இயேசு சொன்ன ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." அதில் மன்னிக்கும் வேலையைப் பிதாவிடம் ஒப்படைக்கிறார். என்னால் இன்னும் முடியவில்லை, நீர் பாரும் என்று நீங்களும் சொல்லலாம்.

அம்மா விஷயம் தனி. அது அவர் காசு, விடுவதும் விடாததும் அவர் உரிமை. ஆனால் "விட்டுத் தொலை" என்று அவர் சொல்வது மன்னிப்பா, அலுப்பா என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஜெபக்கூட்டம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சித்தப்பா முதலில் ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் கதிரை எதுவும் இல்லாமல், பாஸ்டரை மட்டும் கூட்டிக்கொண்டு வரட்டும். எவ்வளவு வாங்கினேன் என்பதை அம்மா முகத்தைப் பார்த்துத் தன் வாயால் சொல்லட்டும். மாசம் இரண்டாயிரமோ மூவாயிரமோ, முடிந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பாஸ்டரும் கீழே போடட்டும். உண்மையிலேயே வழியில்லை என்றால் அதையாவது நேரில் சொல்லட்டும். பிறகு கூட்டம் வைப்பதா இல்லையா என்பதை அம்மா முடிவு செய்வார், அவர் காம்பராதானே.