ஸ்நோ இல்லாத ஊரில் குளிர்காலப் படங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. சில வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். பழைய கேமரா ஒன்று, அதோடு வந்த லென்ஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கிய 300 மில்லிமீட்டர் ஜூம், இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

எங்கள் நண்பர்கள் இரண்டு பேர் டிசம்பரில் ஜப்பானின் ஹொக்கைடோ போய் வந்தார்கள். ஸ்நோ மூடிய வயல், நடுவில் ஒற்றை மரம், வேலி, தூரத்தில் ஒரு களஞ்சியம் என்று அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்ததிலிருந்து என் படங்களைத் திறந்து பார்க்கவே மனம் வரவில்லை. எனக்கு அங்கெல்லாம் போகிற வசதி இப்போது இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். இங்கேயோ வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே பச்சை. கொம்தார் கோபுரம், பாலம், கொடிமலை எல்லாவற்றையும் ஆயிரம் பேர் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே குளிர்காலப் படம் என்று சொல்லும்படி ஏதாவது எடுக்க முடியுமா? இல்லை, பணம் சேரும்வரை காத்திருப்பதுதான் வழியா?

க., பட்டர்வொர்த்

---

அன்புள்ள க.,

காத்திருக்க வேண்டாம். பினாங்குக்கும் குளிர்காலம் வருகிறது, வருடம் தவறாமல் வருகிறது. ஸ்நோவாக வராததால் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஹொக்கைடோவில் அவ்வளவு ஸ்நோ கொட்டுவதற்குக் காரணம் சைபீரியா. குளிர் மாதங்களில் அங்கே கனத்த குளிர்க்காற்று தேங்கி, நாலா பக்கமும் வழிந்து இறங்குகிறது. ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு போய் ஹொக்கைடோவின் மலைகளில் ஸ்நோவாகக் கொட்டுகிறது. அந்தக் காற்றின் இன்னொரு வழி தெற்கே வருகிறது. தென்சீனக் கடலைத் தாண்டி, வடகிழக்குப் பருவக்காற்றாக நம் தீபகற்பத்தைத் தொடுகிறது. வழியில் சேர்த்த ஈரத்தைக் கிழக்குக் கரையில் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பெருமழையாக இறக்கிவிட்டு, தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வரும்போது அதில் ஈரம் அதிகம் மிச்சமிருப்பதில்லை. அதனால்தான் செப்டம்பர், அக்டோபரில் நம்மைப் போட்டு அடித்த மழை ஓய்ந்து, ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கு வானம் தெளிகிறது. உங்கள் நண்பர்கள் விமானம் ஏறிப் போய்ப் பார்த்த ஸ்நோவுக்கும், ஷிப்ட் முடிந்து நீங்கள் வெளியே வரும்போது முகத்தில் படுகிற காற்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான்.

'ஒரே வெயில்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பகலின் நீளம் பெரிதாக மாறாது, ஜூனுக்கும் டிசம்பருக்கும் முக்கால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் சூரியன் வருகிற திசை நன்றாகவே மாறுகிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டி அது நேர்கிழக்கிலிருந்து 23 பாகைக்கு மேல் தெற்கே தள்ளி உதிக்கிறது. ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி உதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே 47 பாகை. கையை முன்னால் நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் ஏறக்குறைய 20 பாகை. அப்படி இரண்டு சாணுக்கும் மேல் சூரியன் இடம் மாறுகிறது. நடுப்பகலும் அப்படித்தான். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நின்று எல்லா நிழலையும் காலடியில் அடக்கிவிடும். டிசம்பரிலோ நண்பகலில்கூட அது தெற்கே சாய்ந்து 61 பாகை உயரத்தில் நிற்கிறது. நம் ஊரில் வருடத்தின் மிகத் தாழ்ந்த நண்பகல் சூரியன் அதுதான். தெற்குப் பார்த்த சுவர்களுக்கும் தூண்களுக்கும் ஜன்னல் வேலைப்பாடுகளுக்கும் அப்போது கிடைக்கிற உருவம் ஜூனில் கிடைக்காது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளை எடுப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். அதன் பலன், டிசம்பர் கடைசியில் பினாங்கில் சூரியன் உதிக்கும்போது மணி 7:20 தாண்டியிருக்கும். ஜனவரிக் கடைசியில் 7:30-ஐத் தொட்டுவிடும். ஹொக்கைடோவில் உங்கள் நண்பர்கள் விடியற்காலையில் எழுந்து குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். உங்களுக்கு இரவு ஷிப்ட் 7 மணிக்கு முடிகிறது என்றால், பிறையிலிருந்து ஃபெரி துறைக்கு வந்து சேர்வதற்கும் வெளிச்சம் வருவதற்கும் சரியாக இருக்கும்.

அந்த ஃபெரியில் ஏறுங்கள். 2023 முதல் ஓடும் புதிய ஃபெரிகளில் நின்று பார்க்கும்போது காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து ஜார்ஜ்டவுன் முழுவதன் மீதும் விழும். முன்னால் கரையோரக் கட்டடங்கள், பின்னால் கொடிமலை. மலை 833 மீட்டர் உயரம். மழை ஓய்ந்த மாதங்களில் காலையில் அதன் மேடு பள்ளம் வரை துல்லியமாகத் தெரியும் நாட்கள் உண்டு. தீவில் இறங்கியதும், கடல் மேல் மரத்தூண்களில் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டிப் பக்கம் நடந்து போய்த் திரும்பி நில்லுங்கள். இப்போது சூரியனுக்கு எதிரே படகுகளும் மரத்தூண்களும் கருநிறத்தில் இருக்கும், அக்கரையில் மார்கழிச் சூரியன் புக்கிட் மெர்தாஜாம் மலை இருக்கும் பக்கமாக ஏறிவரும். ஜூனில் அதே இடத்தில் நின்றால் மலையும் சூரியனும் இப்படிச் சேரவே சேராது. அந்த ஜெட்டியில் குடும்பங்கள் வசிக்கின்றன. வாசலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.

கொம்தாரை ஆயிரம் பேர் எடுத்திருக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் அதன் காலடியில் நின்று எடுக்கிறார்கள். நீங்கள் அக்கரையில் இருக்கிறீர்கள், அதுதான் உங்கள் பலம். மார்கழியில் சூரியன் மேற்கிலிருந்து தெற்கே தள்ளி இறங்குவதால், பட்டர்வொர்த்தின் வடக்கே பாகான் ஆஜாம் கடலோரத்துக்குப் போனால் கொம்தாருக்கு நேர் பின்னால் அது இறங்கும் இடம் ஒன்று அகப்படும். நாளுக்கு நாள் அந்த இடம் நகரும், ஆகவே கரையோரமாக நடந்து கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கோபுரம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அந்தத் தூரத்திலிருந்து பார்க்கையில் சூரிய வட்டத்தின் அகலம் கோபுர உயரத்தில் நாலில் ஒரு பங்கு இருக்கும். உங்கள் 300 மில்லிமீட்டர் ஜூம் அதற்குத் தாராளம். கிட்ட நின்று எடுத்தால் கோபுரம்தான் பெரிதாகும், சூரியன் பொட்டு அளவுதான். தள்ளி நின்றால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. லைவ் வியூவில் திரையைப் பார்த்து எடுங்கள். கண் போனால் வராது.

இப்போது ஸ்நோ. அதை எடுப்பதில் எல்லோரும் முதலில் தடுமாறுவது எக்ஸ்போஷரில்தான். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். படச்சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அதை இருட்டாக்கிச் சாம்பலாகக் கொடுத்துவிடும். அதனால் வெளிச்சத்தை ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி எடுக்க வேண்டும். இதைப் பழக ஃபார்குவார் தெருவில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமே போதும். 1818-இல் கட்டியது, இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தக் கைகளை நான் நினைத்துக்கொள்வேன். அந்தத் தூண்களை மட்டும் சட்டத்தில் நிரப்பி, எதையும் மாற்றாமல் ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, ஒன்றரை கூட்டி ஒன்று எடுத்துப் பாருங்கள். அப்புறம் நிழல் விழுந்த பக்கத்தைக் கவனியுங்கள். நீலமாக இருக்கும். வெயில் எட்டாத வெள்ளைப் பரப்புக்கு வானம்தான் வெளிச்சம் கொடுக்கிறது, வானம் நீலம். உங்கள் நண்பர்களின் படங்களில் மரத்தின் நிழல் ஸ்நோ மேல் நீலமாகக் கிடந்திருக்குமே, அதே சங்கதிதான். தெளிந்த வானம் உள்ள நாளில்தான் இது நன்றாகத் தெரியும், அதற்கு ஜனவரி தோதான மாதம்.

லென்ஸில் ஆவி படிவது பற்றியும் ஒரு வார்த்தை. ஹொக்கைடோவில் குளிரிலிருந்து அறைக்குள் வரும்போது ஆவி படியும். நமக்கு ஏர்கான் காரிலிருந்து வெளியே இறங்கும்போது படியும். கேமராவைப் பையில் மூடியபடியே சற்று நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

'ஒரே பச்சை' என்பதற்கு வருகிறேன். கெடா எல்லையைத் தாண்டிக் கூலிம் பக்கம் போனால் பால்மரத் (ரப்பர் மரத்) தோப்புகள் இன்னும் இருக்கின்றன. இந்தப் பருவக்காற்று கொண்டுவரும் வறட்சியில் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை பால்மரங்கள் இலையை உதிர்க்கும். முதலில் மஞ்சள், அப்புறம் செம்பு நிறம், அப்புறம் வெறுங்கிளைகள், சில வாரங்களில் சிவந்த தளிர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பால் குறையும், அதோடு சேர்ந்து சம்பளமும் குறையும் மாதங்கள் அவை. நம் பாட்டிமார்கள் அந்தச் சருகுகளை மிதித்துக்கொண்டுதான் விடியற்காலையில் பால் எடுக்க நிரைக்குப் போனார்கள். வரிசையாக வெறுங்கிளை, தரையெல்லாம் சருகு, மேகமில்லாத இரவுக்குப் பிறகு தாழ்வான இடங்களில் படியும் மூடுபனி, அதற்குள் சாய்வாக இறங்கும் வெயில்: குளிர்கால நிலக்காட்சிக்கு வேறென்ன வேண்டும்? என்னைக் கேட்டால், நம் நாட்டில் எடுக்கப்படாமலே கிடக்கும் மிக நல்ல படங்கள் இவைதான். தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பால் பிடிக்க மங்கு கட்டிய மரங்களில் கை வைக்காதீர்கள். ஒருவர் மரம் சீவிக்கொண்டிருந்தால் முதலில் பேசுங்கள், படம் பிறகு. தோப்புகள் வருடத்துக்கு வருடம் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன, ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரை நீளும் சேற்றுக்கரை, பறவை ஆர்வலர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். வடக்கே தரை உறைந்து இரை கிடைக்காமல் போகும்போது சைபீரியப் பக்கத்திலிருந்து கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இங்கே தங்குகின்றன. உலகில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கும் நார்ட்மேன் பச்சைக்காலியும் அவற்றில் ஒன்று. அது ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவை. கடல் உள்வாங்கிக் கிடக்கும்போது போனால் பறவைகள் வெகு தூரத்தில் புள்ளியாகத் தெரியும். நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போங்கள், அலை அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். கிட்டப் போய்க் கலைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்பு அது, வீணாக ஒரு முறை பறக்க வைத்தாலும் அதற்கு நஷ்டம். ஒற்றைப் பறவையைத் துரத்துவதைவிட, கூட்டத்தையும் சேற்றையும் பின்னால் தெரியும் தீவையும் ஒரே சட்டத்தில் கொண்டுவரப் பாருங்கள். அந்தப் படத்தை உங்கள் நண்பர்கள் ஹொக்கைடோவில் எடுத்திருக்க முடியாது.

தைப்பூசமும் இந்த மாதங்களில்தான் வரும். அன்றைக்குக் காவடிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுக்கிற கூட்டத்தில் நீங்களும் சேர வேண்டாம், அவர்களுக்கு வழி விடுங்கள். பூசத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு காலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறுங்கள். பந்தல் போடுகிறவர்களையும் மேலிருந்து தெரியும் நகரத்தையும் கடலையும் நிதானமாக எடுக்கலாம்.

ஹொக்கைடோவுக்கு வசதி வரும்போது போய் வாருங்கள், தவறே இல்லை. ஆனால் அந்த ஒற்றை மரத்தின் மிக நல்ல படங்களை எடுப்பவர்கள் அந்த வட்டாரத்திலேயே வசிக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நம்புகிறேன். எந்தக் காற்றுக்கு அடுத்த நாள் வானம் வெளுக்கும், எந்த வாரம் சூரியன் எந்த வேலிக்குப் பின்னால் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பாகான் ஆஜாம் கரையிலும் ஃபெரித் துறையிலும் உங்களுக்கு அந்த வாய்ப்பு ஒவ்வொரு ஷிப்டுக்குப் பிறகும் இருக்கிறது.

எடுத்ததை அனுப்புங்கள். இடம், தேதி, நேரம் மூன்றையும் குறித்து அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன். அடுத்த மார்கழிக்கு மற்ற வாசகர்களுக்கும் உதவும்.

அன்புடன்.