பிரிண்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது? தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐயா, கணக்கு எழுதிக் கொடுக்கும் சிறிய ஆபீஸ் வைத்திருக்கிறேன். லேசர் பிரிண்டரின் பின்னால் 220–240 வோல்ட், 5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 1150 வாட் வருகிறது. எட்டு மணி நேரம் ஆனில் இருந்தால் ஒரு நாளைக்கு 9 யூனிட் போகுமா? (சாட்ஸ்வர்த்)

போகாது. அந்த 5 ஆம்பியர் உங்கள் பிரிண்டர் எட்டக்கூடிய உச்சம். ஒயரும் பிளக்கும் அதைத் தாங்க வேண்டும் என்பதற்காக லேபிளில் போடுகிறார்கள். டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். சூடேறும் அந்தச் சில நொடிகளில்தான் ஆயிரம் வாட் ஏறும். பிறகு ஹீட்டர் விட்டுவிட்டு எரியும். அச்சடிக்கும் நேரத்துச் சராசரி, சிறிய ஆபீஸ் மாடல்களில் 400 முதல் 500 வாட். வேலையில்லாமல் தயாராக நிற்கும்போது 10 வாட் அளவு, தூக்க நிலையில் ஒன்றிரண்டு வாட்.

இப்போது உங்கள் நாளைக் கணக்கிடுவோம். அரை மணி நேர அச்சு, 450 வாட்டில்: 225 வாட்-மணி. இரண்டு மணி நேரம் தயார் நிலை: 20. மீதி இருபத்தொன்றரை மணி நேரம் 1.5 வாட்டில் தூக்கம்: 32. மொத்தம் 277, அதாவது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். 22 வேலை நாளும் 8 விடுமுறை நாளும் சேர்த்தால் மாதம் சுமார் 6.4 யூனிட். யூனிட் 3 ராண்ட் என்று வைத்தால் 19 ராண்ட் சொச்சம். உங்கள் ரசீதில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள 3 கிலோவாட் கீசர் இரண்டு மணி நேரம் எரிந்தால் 6 யூனிட். பிரிண்டரின் ஒரு மாதம் கீசரின் ஒரே நாளில் போய்விடுகிறது. பில் குறைய வேண்டுமென்றால் முதலில் கீசரைப் பாருங்கள்.

வாட் மீட்டர் வாங்காமல் அளக்க வழி உண்டா? (ஃபீனிக்ஸ்)

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். உங்கள் ப்ரீபெய்டு மீட்டரின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 1000 imp/kWh என்று அச்சிட்டிருந்தால், ஒரு மினுக்கு ஒரு வாட்-மணி. ஃப்ரிட்ஜ், கீசர், ரௌட்டர் எல்லாவற்றையும் அணைத்து, விளக்கு மினுக்காமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிரிண்டரை மட்டும் போட்டு 40 பக்கம் அனுப்புங்கள். ஒருவர் மீட்டரருகே நின்று எண்ணட்டும். நிமிடத்துக்கு 20 பக்கம் ஓடும் லேசர் என்றால், இரண்டு நிமிடத்தில் 15 மினுக்கு வரலாம். குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கினால் கொஞ்சம் கூடும். மீட்டரில் 1000-க்குப் பதில் வேறு எண் இருந்தால், 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு மினுக்கின் அளவு கிடைக்கும்.

தூக்க நிலையை இப்படி அளக்கப் பொறுமை வேண்டும். 1.5 வாட்டுக்கு ஒரு மினுக்கு வர நாற்பது நிமிடம் ஆகும்.

லோட் ஷெட்டிங் காலத்தில் 1 கேவிஏ இன்வெர்ட்டர் வாங்கினேன். லேசர் பிரிண்டரைச் செருகினால் உடனே டிரிப் ஆகிறது. இன்வெர்ட்டர் பழுதா, அண்ணே? (லெனேசியா)

பழுதில்லை தம்பி. மேலே சொன்ன அந்தச் சூடேறும் நொடிகள்தான் காரணம். உங்கள் இன்வெர்ட்டர் தரக்கூடியதைவிடப் பிரிண்டர் ஒரே இழுப்பில் அதிகம் கேட்கிறது. சிறிய யூபிஎஸ்ஸிலும் லேசரைச் செருகக் கூடாது. கரண்ட் இல்லாதபோதும் அச்சடித்தே ஆக வேண்டுமென்றால் இங்க்ஜெட் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃப்யூசர் கிடையாது, ஓடும்போது 10 முதல் 30 வாட்தான். லேப்டாப், ரௌட்டரோடு சேர்ந்து நிம்மதியாக ஓடும்.

இன்னொன்று: கரண்ட் போனதும் லேசரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். திரும்ப வரும்போது வோல்டேஜ் எகிறலாம். சில நிமிடம் பொறுத்துச் செருகுங்கள்.

கோயில் ஆபீஸில் ரசீது அடிக்க இங்க்ஜெட் இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் காவடி நாட்களிலும்தான் வேலை. சுவிட்சை அணைத்தே வைக்கலாமா? (டோங்காட்)

கரண்டுக்காக என்றால் பெரிய லாபமில்லை. 2 வாட் மாதம் முழுக்க ஓடினாலும் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. சுவரில் அணைத்துவிட்டு மறுபடி போடும்போது பல இங்க்ஜெட்டுகள் மை தெளிக்கும் நாசிலைக் கழுவ மையைச் செலவழிக்கும். அந்த மை மிச்சமான கரண்டைவிட விலை அதிகம். அணைக்க விரும்பினால் முதலில் பிரிண்டரின் சொந்தப் பட்டனால் அணையுங்கள். அச்சுத் தலை மூடியிட்டுக்கொள்ளும், மை காயாது. அதற்குப் பிறகுதான் சுவர் சுவிட்ச். லேசராக இருந்தால் இந்தக் கவலை கிடையாது, தாராளமாக அணைக்கலாம்.

பிரிண்டர் ஓடும்போது டியூப்லைட் மங்கி மங்கி எரிகிறது. (சாட்ஸ்வர்த்)

ஹீட்டர் எரிந்து அணைவதன் அடையாளம். மல்டிபிளக்கிலிருந்து எடுத்துச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். பிளக்கோ ஒயரோ கைக்குச் சூடாகத் தெரிந்தால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பெரிய காப்பியர் வாங்கப் போகிறோம். விவரத் தாளில் ‘டிஇசி’ என்று ஓர் எண் இருக்கிறதே, அதை நம்பலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நம்பலாம், வாட் எண்களைவிட அதுதான் உங்களுக்கு உதவும். டிஇசி என்றால் வழக்கமான மின் நுகர்வு (Typical Electricity Consumption). எனர்ஜி ஸ்டார் என்ற மின்சிக்கன முத்திரையின் சோதனை முறைப்படி, அச்சு, தயார் நிலை, தூக்கம், வார இறுதி எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்கு எத்தனை யூனிட் என்று அது சொல்கிறது. 4.33-ஆல் பெருக்கினால் மாதக் கணக்கு. ஆனால் வேகமான இயந்திரத்துக்குச் சோதனையில் அதிகப் பக்கங்கள் கொடுக்கிறார்கள். அதனால் ஒரே வேகமுள்ள இரண்டு மாடல்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

காப்பியர் வந்ததும் தூக்க நிலைக்குப் போகும் நேரத்தை யாரும் மாற்றாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சூடேறும் வரை காத்திருக்கப் பிடிக்காமல் அதை நான்கு மணி நேரமாக நீட்டிவைத்த ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். இருபக்க அச்சையும் வழக்கமான அமைப்பாக்குங்கள். முதல் கேள்வி கேட்ட சாட்ஸ்வர்த் வாசகரின் பிரிண்டர் அளவில் பார்த்தால், 500 பக்கம் அடிக்க ஆகும் கரண்ட் 0.2 யூனிட்கூட இல்லை. 500 தாள் கொண்ட ஒரு ரீம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்; இருபக்க அச்சில் உண்மையான மிச்சம் தாள்தான்.