நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நீங்கள் ஏங்கும் இசை நிகழ்ச்சி எது?

1975 ஜூலை 17, 18 இரவுகளில் லண்டன் லைசியம் அரங்கில் ஜமைக்கா பாடகர் பாப் மார்லியும் அவருடைய வெய்லர்ஸ் குழுவினரும் நடத்திய நிகழ்ச்சி. அப்போது நான் பிறக்கவே இல்லை என்பதால் டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்பவும் வழியில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மார்லியின் ‘ஐ ஷாட் த ஷெரிஃப்’ பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தார். பாட்டைத் தெரிந்த பலருக்கும் அதை எழுதியவரைத் தெரியாது. தொடக்கத்திலிருந்து கூடவே பாடிய பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் பிரிந்து போய்விட்டார்கள். மார்லி தனியாகத் தாங்குவாரா என்ற சந்தேகம் எழக்கூடிய நேரம் அது. தாங்கினார் என்பதற்குச் சாட்சி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவுக்கூடத்தை வைத்து அந்த இரவுகளில் பதிவு செய்து, அதே வருடக் கடைசியில் வெளியிட்ட இசைத்தட்டு. மொத்தமே ஏழு பாட்டுகள்தான்.

அந்த இசைத்தட்டை எனக்குக் கொடுத்தவர் லண்டனில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி. பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கிலாந்தில். அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். மார்லி என்ன உடுத்தியிருந்தார், எப்படி ஆடினார் என்றெல்லாம் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டார். அவர் நினைவில் தங்கியது வெக்கை. அந்நாளில் லைசியம் நடனக்கூடமாக இருந்ததால் கீழ்த்தளத்தில் எல்லோரும் நின்றுகொண்டுதான் கேட்டார்கள். புழுக்கம் தாங்காமல் மேற்கூரையைத் திறந்துவிட்டார்களாம். கறுப்பினப் பிள்ளைகளும் நீளமுடி வைத்த வெள்ளை மாணவர்களும் அப்படித் தோளோடு தோள் உரசி நின்றதை அதற்கு முன் தான் பார்த்ததில்லை என்பார். இசைத்தட்டில் ஓரிடத்தில் தன் தோழி கூவுவது கேட்கிறது என்று சத்தியம் செய்வார். அந்த இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு நாள் ‘ட்ரெஞ்ச்டவுன் ராக்’ பாட்டில் கேட்கும், இன்னொரு நாள் ‘லைவ்லி அப் யுவர்செல்ஃப்’ பாட்டில் கேட்கும்.

எனக்கு அந்த இசைத்தட்டு என்றால் ‘நோ வுமன், நோ க்ரை’தான். ஸ்டூடியோவில் பதிவு செய்து 1974இல் வந்த வடிவத்தில் தாளம் இயந்திரத்துடையது. நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். எனக்கு அது ஒட்டவே இல்லை. லைசியத்தில் அதே பாட்டு ஏழு நிமிடம். டைரோன் டவுனியின் ஆர்கன் மெல்ல எழும்போதே, மார்லி வாயைத் திறக்குமுன், கூட்டம் பல்லவியைப் பாட ஆரம்பித்துவிடுகிறது. கார்ல்டன் பேரட்டின் டிரம்ஸைக் கவனியுங்கள். மார்லியின் இசை ரெகே, ஜமைக்காவில் பிறந்த பாணி. அதன் ‘ஒன் டிராப்’ தாளத்தில் முதல் அடி காலி. அழுத்தம் மூன்றாவது அடியில்தான் விழும். முதல் தட்டில் கை தட்டிப் பழகிய நமக்குக் கொஞ்ச நேரம் தடுமாறும். அந்தக் காலி இடத்தில் கார்ல்டனின் அண்ணன் ஆஸ்டனின் பேஸ் கிட்டார் நடந்து போகும். பின்குரலுக்கு ரீட்டா மார்லியும் ஜூடி மோவட்டும் மட்டுமே. வழக்கமாகப் பின்குரல் பாடும் மூவரில் மூன்றாமவரான மார்ஷா கிரிஃபித்ஸ் அந்தப் பயணத்தில் இல்லை. ஆளில்லாத குறை தெரியாதபடி கூட்டமே பாடிவிட்டது.

பாட்டு கிங்ஸ்டன் நகரின் ட்ரெஞ்ச்டவுனில் அரசாங்கக் குடியிருப்பு முற்றத்தில் உட்கார்ந்திருந்ததை, விறகு மூட்டிச் சோளக்கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்ததைச் சொல்கிறது. (எழுதியவர் என்று மார்லி பெயர் கொடுத்தது அங்கே ஏழைகளுக்குச் சோறு போட்ட நண்பர் வின்சென்ட் ஃபோர்டுக்கு.) லைசியத்தில் அதை உருகி உருகிப் பாடியவர்களில் பலர் அந்த முற்றத்தைக் கண்ணால் கண்டதில்லை. “எங்கள் அம்மா விட்டுவிட்டு வந்த வீட்டை நினைத்து நாங்கள் அழுதோம்” என்றார் இசைத்தட்டைக் கொடுத்த என் தோழி. சொல்லிவிட்டுச் சிரித்தார். வீட்டில் அம்மாவுக்கு மார்லியைக் கண்டாலே ஆகாதாம். சடைமுடிக்காரன், தேவாலயத்துக்குப் போகாதவன் என்று திட்டுவாராம்.

அந்தப் பதிவுதான் 1975இல் சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 22ஆம் இடம் பிடித்தது. 1981இல் மார்லி இறந்தபின் மறுபடி வெளியிட்டபோது எட்டாம் இடம். லைசியம் இன்று ‘லயன் கிங்’ நாடகக் கொட்டகை. 1999 முதல் அதுதான் ஓடுகிறது. நாற்காலிகள் போட்டுவிட்டார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: இரண்டு இரவுகளின் பதிவையும் சேர்த்து 2016இல் பெரிய தொகுப்பாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆர்வலர்களுக்கு விருந்துதான். ஆனாலும் முதலில் பழைய ஏழு பாட்டுத் தட்டையே கேளுங்கள். பொறுக்கி எடுத்தவர்களுக்கு நல்ல காது இருந்திருக்கிறது.