தினசரி ஓட்டும் காருக்குக் காயில்ஓவர்: கேள்வி பதில்

கேள்வி: காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதி) புதிதாக மாட்டினேன். ஷாக்கின் கடினத்தை மாற்றும் குமிழில் 32 கிளிக் (படி) இருக்கிறது. எங்கே தொடங்குவது அண்ணா?

பதில்: குமிழை மெதுவாக முழுக்க இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முனையில் பலம் கொடுத்தால் உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி கெடும். நடுவில், இடமும் வலமும் ஒரே எண்ணில் வைத்து, பழகிய ஒரே சாலையில் ஓட்டுங்கள். மேடு தாண்டியும் வண்டி ஊசலாடினால் இறுக்கும் பக்கம் இரண்டு கிளிக் கூட்டுங்கள். வரிசையான மேடுகளில் போகப் போக அமுங்கி இடித்தால் ரீபவுண்டு (அமுங்கிய ஸ்பிரிங் விரிவதை ஷாக் தடுக்கும் அளவு) அதிகம்: ஸ்பிரிங் மீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. தளர்த்தும் பக்கம் குறைத்துவிடுங்கள். லோயர் ஆர்ம் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க் கை) போல்ட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதுதானே இறுக்கினீர்கள்? தொங்கவிட்டு இறுக்கினால் அந்த மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

கேள்வி: ஸ்பிரிங் தட்டை இறக்கி 50 மி.மீ. தாழ்த்தினேன். கல் மாதிரி இருக்கிறது. எத்தனை கிளிக்?

பதில்: கிளிக்கில் தீராது. பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) இடிக்கிறது. பிஸ்டன் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி ஓட்டினால், அது எதுவரை தள்ளப்படுகிறது என்பதில் தெரிந்துவிடும். உயர்த்துங்கள், பிறகு புஷ் போல்ட்டைத் தளர்த்தி, தரையில் வைத்து இறுக்குங்கள்.

கேள்வி: பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்கிறார் எங்கள் மெக்கானிக்.

பதில்: ஆகாது. மி.மீ.க்கு 6 கிலோ ஸ்பிரிங், மேலே 300 கிலோ என்று வையுங்கள். பிரீலோடு இல்லாமல் 50 மி.மீ. அமுங்கும். 10 மி.மீ. முன்பே அமுக்கி வைத்தால் வண்டி ஏறியதும் இன்னும் 40. மொத்தம் அதே 50. உடல்தான் 10 மி.மீ. உயரும். அடுத்த மி.மீ.க்கு அதே 6 கிலோதான்.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியாது. பிரீலோடு கூட்டியதும் கையால் அமுக்கினேன், அசையவே இல்லை!

பதில்: கழற்றி வைத்துத்தானே அமுக்கினீர்கள்? 10 மி.மீ. பிரீலோடு என்றால் 10 × 6 = 60 கிலோ; அதைத் தாண்டினால்தான் தண்டு நகரும். காரில் 300 கிலோ ஏற்கனவே அதைத் தாண்டிவிட்டது. பிரீலோடு அந்த எடையையே மிஞ்சினால் மட்டும் நீங்கள் சொல்வது நடக்கும்.

கேள்வி: அப்படியானால் பிரீலோடு எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. சக்கரத்தின் மேல்நோக்கிய ஓட்டத்துக்கும் கீழ்நோக்கிய ஓட்டத்துக்கும் பங்கு பிரிக்க. கூட்டினால் அமுங்க இடம் கூடும், சக்கரம் பள்ளத்தில் இறங்க இடம் குறையும். உயரத்தை அடிப்பகுதியைத் திருகி மாற்றும் வகைக் காயில்ஓவரில் உயரம், பிரீலோடு இரண்டையும் தனித்தனியே வைக்கலாம்.

கேள்வி: எத்தனை கிளிக் நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உயரம் மாற்றினால் அலைன்மென்ட் அவசியமா?

பதில்: அவசியம். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறும், டயர் தேயும். ஹெட்லைட் கோணமும் பாருங்கள். அதற்கு முன் புஷ் போல்ட், தரையில்.