தாளில் உள்ள நிலையிலேயே செய்ய வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஒரு மாதம் ஆகிறது. பிசியோதெரபி தாளில் ஒவ்வொரு பயிற்சிக்கும் சுபைன், ப்ரோன், சைடு லையிங், ஹை சிட்டிங் என்று போட்டிருக்கிறது. அம்மா தன் வசதிப்படி செய்தால் போதாதா?
– வாசகி, தேனி

பதில்: போதாது. சுபைன் என்றால் மல்லாந்து படுப்பது, ப்ரோன் குப்புற, சைடு லையிங் ஒருக்களித்து. ஹை சிட்டிங் என்பது கட்டிலோரத்தில் கால் தொங்க உட்காருவது. நிலை மாறினால் வேலை செய்யும் தசையே மாறிவிடும். ஹை சிட்டிங்கில் காலின் எடையே முழங்காலை 90 டிகிரி வரை மடக்கிக் கொடுக்கும். குப்புறப் படுத்து மடக்கும்போது பின்தொடைத் தசைதான் காலைத் தூக்கியாக வேண்டும்.

காலை நேராகத் தூக்குவது மல்லாந்து செய்ய வேண்டியது. இடது முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றினால் முதுகு வளையாது. வலது முழங்காலை மெத்தையோடு அழுத்தி, தொடை இறுகியதும் மற்ற முழங்காலின் உயரம் வரை தூக்கி, 5 எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். தூக்கும்போது முழங்கால் மடங்கிப்போனால் முன்தொடையில் இன்னும் பலமில்லை என்று பொருள், உயரத்தைக் குறையுங்கள்.

அதிகம் தவறுவது ஒருக்களித்த நிலையில்தான். ‘ரைட் சைடு லையிங்’ என்றால் வலப்பக்கம் மெத்தையில் பட வேண்டும். ஆகவே வலது காலைப் பக்கவாட்டில் தூக்க அம்மா இடப்பக்கம் படுக்க வேண்டும். நாலைந்து முறை தூக்கியதும் உடம்பு மெல்லப் பின்னால் சாயும், கால்விரல்கள் கூரையைப் பார்க்கும். அப்போது இடுப்பின் பக்கத் தசைக்குப் பதில் முன்பக்கத் தசை தூக்குகிறது. எத்தனை முறை செய்தாலும் நடக்கும்போது இடுப்பு சரிவது நிற்காது. முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து, குதிகால் சுவரை உரசிக்கொண்டே மேலே போகிறதா என்று பாருங்கள்.

மல்லாந்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டவே வேண்டாம். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகி, பிறகு நீட்ட வராது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

குப்புறப் படுத்தால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறதா? பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று, குதிகாலைப் பின்னால் மடக்கும் பயிற்சியாக மாற்றித் தருவார்.